வீடு தேடிப் போகும் விற்பனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடு வீடாகச் சென்று பொருள் விற்பவர்களிடமிருந்தும், அவர்களை வாசலில் எதிர்கொள்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். பேச்சுத் திறமை பிறவியிலேயே அமைந்தவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைக்க முடியும் என்ற எண்ணம் பல கடிதங்களில் தென்படுகிறது. விற்பனையாளர்களுடன் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் அதை நான் ஏற்பதற்கில்லை. அதிகம் பேசாத பலர் இந்தத் தொழிலில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, கடனில்லாமல், கௌரவமாக வாழ்கிறார்கள். முதல் நாள் இரவே செய்துவைக்கும் ஆயத்தமும், விற்ற பிறகும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றும் ஒழுங்கும் அவர்களிடம் இருக்கின்றன.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, குடிநீர் சுத்திகரிப்புச் சாதனம் விற்கும் ஒரு டீலரிடம் சேர்ந்திருக்கிறேன். சில நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பேச்சை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அடுத்த வாரம் தனியாக ஏரியாவுக்குப் போக வேண்டும். அதற்குள் என்னென்ன ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்? (வாசகர், திருச்சி)

பதில்: அந்த மனப்பாடப் பேச்சு வேண்டியதுதான், முதல் நாள் நாக்குக் குழறாமலிருக்க உதவும். ஆனால், வீட்டிலிருப்பவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கும்வரைதான் அதற்கு ஆயுள். ‘எங்களுக்குத்தான் காவிரித் தண்ணீர் வருகிறதே, இது எதற்கு?’ என்று ஓர் அம்மா கேட்கும்போது, பேச்சின் அடுத்த வரியைத் தேடிக்கொண்டு நிற்பவரை அவர் நம்பமாட்டார். ஆகவே, முதலில் தண்ணீரைப் பற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, தண்ணீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்கள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்க அளவு என்றும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு வீட்டில் ஆற்றுக் குடிநீரும், எதிர்வீட்டில் போர் தண்ணீரும் புழங்கும் தெருக்கள் நம் ஊர்களில் ஏராளம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சாதனத்தைச் சிபாரிசு செய்பவருக்குத் தொழில் தெரியாது என்றுதான் பொருள். புற ஊதாக் கதிரால் இயங்கும் யு.வி. சாதனம் கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும், உப்பைக் குறைக்காது. மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரைச் செலுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. சாதனம் உப்பைக் குறைக்கும், அதற்கு விலையாகத் தண்ணீரின் ஒரு பகுதியைக் கழிவாக வெளியேற்றும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வெளியேற்றும் வீட்டுச் சாதனங்கள் உண்டு. டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதற்கு இந்த நீர் விரயமும் ஒரு காரணம். இத்தனையும் தெரிந்த பிறகு, ஆற்று நீர் வரும் வீட்டில் டி.டி.எஸ். அளக்கும் மீட்டர் குறைந்த அளவைக் காட்டினால், ‘உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லை அம்மா, யு.வி. போதும்’ என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். கமிஷன் குறையும் என்பது உண்மைதான். ஆனால், விலை குறைந்த பொருளை நீங்களே எடுத்துக் காட்டியதை அந்த அம்மா பத்துப் பேரிடம் சொல்வார். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு உங்களுக்கு அறிமுகம் தேவைப்படாது.

இன்னொரு கணக்கையும் கையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆர்.ஓ.வின் சவ்வான மெம்பரேன் எவ்வளவு காலம் வரும், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கு மொத்தம் என்ன செலவாகும் என்பதை ஒரே தாளில் தெளிவாக எழுதி, கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள். விலையைக் கேட்டு விலகுபவர்களைவிட, வாங்கிய பின் பராமரிப்புச் செலவைக் கேட்டுக் கொதித்துப் போகிறவர்கள் அதிகம். அவர்களுடைய கோபம் உங்கள் பெயரின் மீதுதான் விழும்.

அடுத்தது, ஏரியா. முதல் நாள் பை எதுவுமின்றி அந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரியுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு நிற்பவரிடம் எந்த விற்பனையாளரும் பேசி ஜெயித்ததில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலும் ஓரளவு முடிந்திருக்கும் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரையிலும், பிற்பகல் உறக்கம் கலைந்த நாலரை மணிக்குப் பிறகும் கதவுகள் முகம் சுளிக்காமல் திறக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் பணம் கொடுக்கத் தயங்கும் வீடுகளும், வெள்ளிக்கிழமை கையிலிருந்து காசு விடாத வீடுகளும் உண்டு. ராகு காலத்தில் கையெழுத்துப் போடமாட்டார்கள். நமக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே முக்கியமில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம் என்பது தெரிந்தால், அந்த நேரத்தில் ஆர்டர் படிவத்தை நீட்டாமல் டெமோவை மட்டும் காட்டிவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லலாம். சம்பளக்காரர்கள் நிறைந்த பகுதிக்கு மாதத்தின் முதல் வாரத்தில் போங்கள். ஆடி மாதத்தில் பெரிய பொருள் வாங்கத் தயங்குபவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஆவணியில் திரும்பிச் செல்லுங்கள்.

பையை இரவே அடுக்கிவிட வேண்டும். டி.டி.எஸ். மீட்டர், அதற்கு மாற்று பேட்டரி, விலைப்பட்டியல், ரசீதுப் புத்தகம், அடையாள அட்டை, இரண்டு பேனா, தரையில் விரிக்க ஒரு துணி, சிந்திய தண்ணீரைத் துடைக்க ஒரு துண்டு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் துண்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் வீட்டுத் தரையில் நாம் சிந்தியதை அவர் சொல்லாமலேயே நாம் துடைத்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சின் தொனியே மாறுவதை நீங்கள் காண்பீர்கள். மீட்டரை அதற்குரிய கரைசலில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் 800 என்று சொன்ன தண்ணீரை அந்த வீட்டுப் பையன் தன் மீட்டரில் அளந்து 450 என்று காட்டினால், அந்தத் தெருவிலேயே உங்கள் வேலை முடிந்தது.

வாசலில் நடந்துகொள்ளும் முறை இது: வண்டியை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சென்று, அழைப்பு மணியை ஒரே ஒருமுறை அழுத்திவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, கதவுக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கதவைத் திறப்பவர் ஓர் அந்நிய முகத்தை மூக்குக்கு நேரே காண்பதும், வசதியான தூரத்தில் காண்பதும் ஒன்றல்ல. அடையாள அட்டை வெளியே தெரிய வேண்டும். உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், எதை விற்க வந்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் முதல் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். ‘சர்வே எடுக்கிறோம்’, ‘கார்ப்பரேஷனிலிருந்து வருகிறோம்’, ‘உங்களுக்குக் குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது’ என்றெல்லாம் தொடங்கச் சொல்லும் மேலாளர்கள் இருக்கிறார்கள். பொய்யில் தொடங்கிய பேச்சைப் பொய்யிலேயே முடிக்க வேண்டியிருக்கும், மறுத்துவிடுங்கள். வீட்டில் பெண்மணி தனியாக இருப்பது தெரிந்தால், உள்ளே அழைக்கச் சொல்லிக் கேட்காமல், டெமோவைத் திண்ணையிலோ போர்ட்டிகோவிலோ காட்டுங்கள். அல்லது எல்லோரும் வீட்டிலிருக்கும் நேரம் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வந்த இருவர் ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீரையும், இன்னொன்றில் அவர்களுடைய சாதனத்தின் தண்ணீரையும் ஊற்றி, மின்கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை வைத்தார்கள். எங்கள் தண்ணீர் சேறுபோல் பழுப்பாக மாறியது. அவர்களுடையது தெளிவாக இருந்தது. பயந்துபோய் முன்பணம் கொடுத்துவிட்டோம். அது உண்மையான சோதனைதானா? (வாசகி, மதுரை)

பதில்: அந்தச் சோதனை உங்கள் தண்ணீரின் சுத்தத்தைக் காட்டவில்லை. அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். தண்ணீரில் இயல்பாகக் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால், இரும்புக் கம்பி அரிக்கப்பட்டு, அந்த இரும்பே துருப்பிடித்த சேறாகத் தண்ணீரில் மிதக்கிறது. நீங்கள் பார்த்த அழுக்கு கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது. அதனால் தெளிவாகவே நிற்கும். அவர்களுடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை வைக்கச் சொல்லியிருந்தால், அதுவும் பழுப்பாகியிருக்கும். வீட்டு மின்சாரத்தைத் தண்ணீரில் நேரடியாகச் செலுத்தும் இந்த வேலையை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

முன்பணத்துக்கு ரசீது இருந்தால், வேண்டாம் என்பதை எழுத்து மூலம் உடனே தெரிவியுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். அமெரிக்காவில் வீட்டு வாசலில் செய்துகொண்ட விற்பனையை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையை மத்திய வணிக ஆணையத்தின் விதி 1970-களிலிருந்தே வழங்கி வருகிறது. ஜப்பானில் அந்த அவகாசம் எட்டு நாள். கடைக்குப் போகிறவர் வாங்கும் மனநிலையோடு போகிறார். வாசலில் நிற்பவருக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை என்பதே அந்தச் சட்டங்களின் அடிப்படை. இதைப் படிக்கும் விற்பனையாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காமல், ‘மூன்று நாள் யோசியுங்கள், வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று ரசீதின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துப் பாருங்கள். பயமுறுத்தி வாங்கிய ஆர்டர்தான் மூன்று நாளில் கலையும். தேவையறிந்து கொடுத்தது நிற்கும்.

கேள்வி: இளம்பிள்ளை என்ற ஊரிலிருந்து புடவை எடுத்து, பக்கத்து ஊர்களில் வீடு வீடாகத் தவணைக்கு விற்கிறேன். விற்பனை நன்றாகத்தான் நடக்கிறது. ஆனாலும் வருடக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பாக்கி கேட்டால் உறவு முறிகிறது. என்ன செய்வது? (வாசகி, சேலம் மாவட்டம்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்களைப் போன்ற பெண்கள் தோளில் சுமந்து விற்கும் மூட்டைகள் எத்தனையோ குடும்பங்களைத் தாங்குகின்றன. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு புடவையை 600 ரூபாய்க்கு எடுத்து, 900 ரூபாய்க்கு, மாதம் 150 வீதம் ஆறு தவணையில் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு தவணைகளும் சேர்ந்தால் 600. அதாவது, நான்கு மாதம் நீங்கள் வசூலித்தது முழுவதும் ஜவுளிக்காரருக்குச் சேர வேண்டிய முதல். அதில் ஒரு ரூபாய்கூட உங்களுடையதல்ல. ஐந்தாவது, ஆறாவது தவணைகளில்தான் உங்கள் லாபமும், பஸ் செலவும், நடந்த நடைக்கான கூலியும் இருக்கின்றன. ஆனால், ஊரில் நடப்பது என்ன? நான்காவது தவணைக்குள் புடவை பழசாகிவிடுகிறது. ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் அக்கா’ என்பது அங்கேதான் தொடங்குகிறது. நீங்களும், பழைய பாக்கி இழுபறியில் இருக்கும்போதே தீபாவளிக்கு இன்னொரு புடவையைக் கொடுத்துவிடுகிறீர்கள். விற்பனை ஏறிக்கொண்டே போகும். லாபம் முழுவதும் ஊரார் பீரோவில் தங்கிவிடும்.

ஆகவே, முதல் ஒழுங்கு பணத்தைப் பிரிப்பது. வசூலுக்குப் போகும்போது இரண்டு பர்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு தவணையில் வருவது ஒன்றில். கடைசி இரண்டில் வருவது மற்றொன்றில். வீட்டுக்குக் காய்கறி வாங்குவது இரண்டாவது பர்ஸிலிருந்து மட்டுமே நடக்க வேண்டும். முதல் மாதம் மிகவும் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

இரண்டாவது, புதுப்புடவை கொடுப்பதற்கு ஒரே விதி: நான்கு தவணை கட்டி முடித்தவருக்கே அடுத்தது. நாத்தனாருக்கும் அதுதான் விதி, தலைவர் வீட்டம்மாவுக்கும் அதுதான் விதி. ஒருவருக்குத் தளர்த்தினால் மறுநாளே ஊர் முழுவதும் தெரிந்துவிடும். விதி பொதுவாக இருக்கும்போது மறுப்பதில் மனத்தாங்கல் வராது. ‘எல்லாருக்கும் இப்படித்தான் கொடுக்கிறேன் அக்கா, நோட்டைப் பாருங்கள்’ என்று நீங்கள் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, தவணை அட்டை. உங்கள் நோட்டில் ஒரு பதிவு, வாங்கியவர் கையில் ஓர் அட்டை. ஒவ்வொரு முறையும் இரண்டிலும் தேதி, தொகை, மீதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாக்கி கேட்பதால் உறவு முறிகிறது என்கிறீர்கள். நான் கண்டவரையில், உறவு முறிவது பெரும்பாலும் கணக்கு ஒத்துப்போகாததால்தான்: ‘போன மாசம் மாமாகிட்டே கொடுத்தேனே’ என்று அவர் சொல்ல, ‘எனக்கு வரவில்லையே’ என்று நீங்கள் சொல்ல, பேச்சு வளர்கிறது. வசூல் நாளும் மாறக்கூடாது. ஐந்தாம் தேதி என்றால் மழை பெய்தாலும் ஐந்தாம் தேதி. நீங்கள் வராத மாதத்தில் அந்த 150 ரூபாய் வேறு எதற்காவது செலவாகிவிடும். வெள்ளிக்கிழமை வந்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

நோட்டின் மதிப்பைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். ஜப்பானில் தொயாமா என்ற பகுதியின் மருந்து விற்பனையாளர்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வீடு வீடாகச் சென்று மருந்துப் பெட்டியை இலவசமாக வைத்துவிட்டு வருவார்கள். அடுத்த முறை வரும்போது, பயன்படுத்திய மருந்துக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு, குறைந்ததை நிரப்பிவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்குக் காகிதப் பலூன் கொடுப்பதும் அவர்கள் வழக்கம். எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன மருந்து தீர்ந்தது, எவ்வளவு வசூலானது என்பதையெல்லாம் எழுதிய அவர்களுடைய பேரேடு, ஒருவர் தொழிலை விடும்போது மற்றவர் விலை கொடுத்து வாங்கும் சொத்தாகவே கருதப்பட்டது. உங்கள் நோட்டும் அப்படிப்பட்டதுதான். எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாதம் கல்யாணம், யார் பச்சை கட்டமாட்டார், யாருக்குக் கரை சிறிதாக இருக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். ஐம்பது புடவையைச் சுமந்து போய் எல்லாவற்றையும் பிரித்து மடிப்பதைவிட, அந்த வீட்டுக்கு ஏற்ற ஆறை மட்டும் எடுத்துப் போவது தோளுக்கும் நல்லது, வியாபாரத்துக்கும் நல்லது.

கேள்வி: வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கிறேன். காலையில் உற்சாகமாகக் கிளம்புகிறேன். நான்கைந்து வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியதும் மனம் உடைந்துவிடுகிறது. மீதி நாள் வீணாகிறது. இந்தத் தொழில் எனக்கு ஒத்துவராதோ? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஒத்துவருமா என்பதை மனம் உடைந்த பொழுதில் முடிவு செய்யாதீர்கள்; எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் நான்கு எண்களைக் குறியுங்கள்: தட்டிய கதவுகள், திறந்தவை, டெமோ காட்டியவை, ஆர்டர். உதாரணமாக, 40 கதவு தட்டி, 18 திறந்து, 6 டெமோ காட்டி, ஓர் ஆர்டர் கிடைத்தது என்று கொள்வோம். இரண்டு வாரம் எழுதினால், குறை எங்கே என்று தாளே சொல்லும். கதவுகளே திறக்கவில்லை என்றால் நேரமோ ஏரியாவோ தவறு. திறந்தும் டெமோவுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களையும், நிற்கும் விதத்தையும், உடையையும் கவனியுங்கள். டெமோ நிறையக் காட்டியும் ஆர்டர் இல்லை என்றால், தேவையில்லாதவர்களுக்குக் காட்டுகிறீர்கள், அல்லது கேட்காமலே பேசுகிறீர்கள். இந்த மூன்றில் எதற்கும் ‘நான் லாயக்கில்லை’ என்பது பதிலாகாது.

கேட்பதைப் பற்றிச் சொன்னேன். கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன ஆல்ஃபிரெட் ஃபுல்லர் என்பவர், தன் சகோதரி வீட்டின் நிலவறையில் இரவில் பிரஷ் செய்து, பகலில் வீடு வீடாக விற்று, 1906-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். எதைத் துலக்கச் சிரமப்படுகிறீர்கள் என்று இல்லத்தரசிகளைக் கேட்டு, அதற்கேற்ற பிரஷ்ஷைச் செய்துகொண்டு போவது அவருடைய வழக்கம். உங்கள் பொருளை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால், ‘இப்போது இதற்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்? அதில் என்ன சிரமம்?’ என்று கேட்டுவிட்டுப் பிறகு பையைத் திறக்கலாம்.

மனம் உடைவதைப் பற்றி: முதல் நான்கைந்து மறுப்புக்குப் பின் எங்கே போகிறீர்கள்? பெரும்பாலோர் டீக்கடைக்குப் போகிறார்கள். அங்கே அதே நிலைமையில் இரண்டு நண்பர்கள் இருப்பார்கள்; ஒருவர் சோர்வு மற்றவருக்குத் தொற்றி, பதினொரு மணிக்கே அன்றைய நாள் முடிந்துவிடும். இடைவேளையை நேரத்தோடு கட்டிவிடுங்கள்; மறுப்போடு கட்டாதீர்கள். பதினொன்றே காலுக்கு டீ என்றால், அதற்கு முன் ஆர்டர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டீ இல்லை. கதவைச் சாத்தியவர் உங்களை அறிந்து சாத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம், உள்ளே நோயாளி இருக்கலாம், முந்தைய வாரம் வந்த வேறொருவர் ஏமாற்றியிருக்கலாம். அந்த வீட்டு எண்ணுக்கு எதிரே நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு நகருங்கள். ‘இனி வராதீர்கள்’ என்று தெளிவாகச் சொன்னவர் வீட்டுக்குத் திரும்பப் போகாதீர்கள். ‘இப்போது வேண்டாம்’ என்றவரின் வீட்டுக்கு, நீங்கள் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போங்கள். இந்த இரண்டாம் நடையைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் நடப்பதே இல்லை. நல்ல ஆர்டர்கள் பலவும் அங்கேதான் காத்திருக்கின்றன.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளி உள்ளே விடுவதில்லை. அடையாள அட்டை காட்டியும் பயனில்லை. வீடுகளுக்குச் சென்று விற்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? (வாசகர், தாம்பரம்)

பதில்: நிலையான கடை இல்லாமல், தங்கள் விற்பனையாளர்களின் வலையமைப்பு மூலம் பொருள் விற்கும் நேரடி விற்பனை நிறுவனங்களுக்கும் அவற்றின் விற்பனையாளர்களுக்கும் நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021 பொருந்தும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் நுகர்வோர் வீட்டுக்குச் செல்லக்கூடாது. தொடக்கத்திலேயே தன்னையும், நிறுவனத்தையும், பொருளின் தன்மையையும், வந்த நோக்கத்தையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். விலை, கட்டண முறை, திருப்பிக் கொடுக்கும் வசதி, உத்தரவாதம், விற்பனைக்குப் பிந்தைய சேவை ஆகியவற்றை விளக்க வேண்டும். நிறுவனம் அங்கீகரிக்காத எதையும் பொருளைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று அவை வரையறுக்கின்றன. நீங்கள் அத்தகைய நிறுவனத்தைச் சேராதவராக இருந்தாலும், இவற்றை உங்கள் நடைமுறையாகக் கொள்வதில் நஷ்டமில்லை.

காவலாளியோடு வாதிடுவதில் பயனில்லை. அவர் தன் வேலையைச் செய்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு நிறுவனத்தின் கடிதத்தோடு எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலை பொது இடத்தில் இரண்டு மணி நேரம் ஒரு மேசை போட அனுமதி கேளுங்கள். ஒரு வீட்டில் ஏற்கெனவே உங்கள் பொருள் இருந்தால், சர்வீஸுக்குப் போகும் நாளில் அவர்கள் மூலம் அண்டை வீட்டாரின் சம்மதத்தைக் கேட்டுப் பெறலாம். ‘விற்பனையாளர்களுக்கு அனுமதியில்லை’ என்ற பலகையைக் கண்டும் பின்வாசல் வழியாக நுழைபவர்கள், தங்களுக்குப் பின் வரும் நேர்மையானவர்களின் வழியையும் அடைக்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு அழகுசாதனப் பொருள்கள் விற்கும் வேலை கிடைத்திருக்கிறது. வீடு வீடாகப் போக வேண்டுமாம். பெண்பிள்ளையை அனுப்பலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால், முடிவை உங்கள் மகள் எடுக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை அவருடைய நிறுவனத்திடம் கேளுங்கள். முதல் சில வாரங்கள் அனுபவமுள்ள ஒரு பெண்ணோடு இணைத்து அனுப்புவார்களா? அன்றன்று போகும் தெருக்களின் பட்டியல் அலுவலகத்தில் ஒருவரிடம் இருக்குமா? இருட்டிய பின் வசூலுக்கு அனுப்புவார்களா? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலையின் நிமித்தம் ஊழியர் செல்லும் இடங்களும் பணியிடமாகவே கொள்ளப்படுகின்றன. அங்கே தொடர்புகொள்ளும் வெளியாரிடமிருந்து பாதுகாப்பு அளிப்பதும் முதலாளியின் கடமை. ஆகவே, வாடிக்கையாளர் வீட்டில் ஏதேனும் நடந்தால், ‘அது வெளியே நடந்தது’ என்று நிறுவனம் கைகழுவ முடியாது. மகள் கைக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வாசலைத் தாண்டி உள்ளே போனால், கதவு திறந்தே இருக்கும்படி அதன் பக்கம் உட்கார வேண்டும். வீட்டில் பெண்கள் யாருமில்லை என்றால் உள்ளே போகவே கூடாது. மனதுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் தேடாமல், பொருளை விட்டுவிட்டாவது வெளியே வந்துவிட வேண்டும். 112, 181 ஆகிய உதவி எண்கள் போனில் முதலிலேயே பதிவாகியிருக்கட்டும். டார்கெட் குறைந்ததற்காக இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குப் போகச் சொல்லும் மேலாளரிடம் ‘முடியாது’ என்று சொன்னால், வீட்டில் நீங்கள் அவள் பக்கம் நிற்பீர்கள் என்ற உறுதியை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர், 15,000 ரூபாய் கட்டிப் பொருள்கள் வாங்கி உறுப்பினராகச் சேர்ந்தால், எனக்குக் கீழே ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க வருமானம் வரும் என்கிறார். பொருளை விற்கக்கூட வேண்டாமாம். சேரலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சேராதீர்கள். பொருளை விற்காமல், ஆள் சேர்ப்பதால் மட்டும் வரும் பணம், பின்னால் சேர்பவர் கட்டிய பணம்தான். சேர ஆளில்லாத நாளில் அது நின்றுவிடும். இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1978 முதல் இருக்கிறது. நான் மேலே சொன்ன 2021-ஆம் ஆண்டு விதிகளும் பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கின்றன. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், ரசீதையும், நண்பர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலுள்ள குற்றப்பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உண்மையிலேயே விற்பனைத் தொழிலில் இறங்க விருப்பமிருந்தால், 15,000 ரூபாய் முழுவதையும் முடக்காமல், உங்கள் தெருவில் நாள்தோறும் தீர்ந்துபோகும் ஒரு பொருளை இரண்டாயிரம் ரூபாய்க்கு மட்டும் எடுத்து, ஒரு மாதம் விற்றுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.